கலங்கல் கிராமத்துக் கார் பிரியர்



நடிகர் யாராவது புதுக் கார் வாங்கினால், அந்தப் படம் அன்றைக்கே நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. 2021இல் விஜய், தனுஷ் ஆகியோரின் ரோல்ஸ் ராய்ஸ் கார்களுக்கான நுழைவு வரி வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தபோதுகூட, என்னிடம் வரியைப் பற்றிக் கேட்டவர்களைவிடக் காரின் விலையைக் கேட்டவர்கள்தான் அதிகம்.

வண்டி மீது தீராத ஆசை கொண்ட ஒரு பிரபலம் நம் பக்கத்திலேயே இருந்தார். சூலூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் கிராமத்துக்கு வந்ததைப் பார்த்ததும், அதே போல ஒன்று வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. கோவைக்குப் போய் ஹோட்டலில் பரிமாறும் வேலை பார்த்தார். கூலியைச் சேர்த்து வைத்து ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிள் வாங்கினார். ஊரைச் சுற்றிக் காட்டியதோடு நிற்கவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடி பூட்டினார். அதுதான் அவர் படித்த முதல் பாடப் புத்தகம்.

அடுத்த பாடம் நம் திருப்பூரில். இங்கே ஜின்னிங் தொழில் தொடங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சில் நல்ல லாபம் வந்தது. அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார், மொத்தமும் போயிற்று. ஏற்றமும் இறக்கமும் பனியன் தொழிலோடு வந்தது என்று நினைக்காதீர்கள். பஞ்சு காலத்திலேயே இருந்தது.

கையில் காசில்லை. ஆனால் இயந்திரம் தெரிந்த கை இருந்தது. கோவையில் ஸ்டேன்ஸ் துரை கடன் கொடுத்து உதவ, ஒரு பஸ் வாங்கி, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ்தான் யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது. 1933 வாக்கில் சுமார் 280 பஸ்கள். 1937இல் மின்மோட்டார் தயாரிப்பு. 1945இல் கோவையில் தொழிற்கல்விக்கு அவர் போட்ட வித்துதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. மூன்றாம் வகுப்புக்காரர் வைத்த கல்லூரியில் நம் மாணவர்கள் சிலரும் படித்திருக்கிறார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. என் பழைய மாணவர் ஒருவர், நாலு பவர் டேபிளோடு தொடங்கி நன்றாக வளர்ந்தவர், இரண்டு நல்ல சீசன் ஓடியதும் பெரிய வெளிநாட்டுக் கார் எடுத்தார். ஆர்டர் குறைந்தது, தவணை குறையவில்லை. கார் வந்த அன்று படம் அனுப்பியவர், ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துப்போன அன்று எதுவும் சொல்லவில்லை. மாதங்கள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் கூச்சம்தான் எனக்கு வருத்தம். கார் போனால் போகட்டும் கண்ணு. துணியைத் தொட்டதும் ஜிஎஸ்எம் சொல்லும் உன் கையை எந்த ஃபைனான்ஸ்காரனும் எடுத்துப்போக முடியாது. நாயுடு அந்தக் கையை வைத்துத்தான் மறுபடி எழுந்தார்.

நல்ல கார் வாங்குவது தப்பு என்று சொல்ல மாட்டேன். உழைத்தவர்கள் அனுபவிக்கட்டும். தவணையை மட்டும் நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மோசமான மாதத்தை வைத்துப் போடுங்கள்.

2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு நாயுடுவின் பெயர்தான். அதே சாலையில் 2015 முதல் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. 1886ஆம் ஆண்டின் பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் மாதிரி முதல் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வரை பார்க்கலாம். விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். விலை என்ன என்று கேட்டால், இது எப்படி ஓடுகிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்