மரிக்காரின் சிரிப்பும் மிளகாய்த் தோட்டமும்

கலைஞனுடைய ஏற்றத்தையும் இறக்கத்தையும் அவனது திறமையின் கணக்கிலோ தலைவிதியின் கணக்கிலோ எழுதிவிடுவது நம்மிடையே நெடுநாள் வழக்கமாகும். வேந்தரின் வீரத்தைக் கொண்டே நாட்டின் வரலாற்றை விளக்கிய பழைய முறையின் எச்சம் இது. ஈழத்து வானொலி நகைச்சுவைக் கலைஞர் எஸ். ராமதாஸின் வாழ்க்கையை அவரது காலத்தோடு பொருத்தி நோக்குவோமாயின், இம்முறை எத்துணைப் போதாதது என்பது புலனாகும்.

1970களில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் வாரந்தோறும் ஒலித்தது 'கோமாளிகளின் கும்மாளம்'. அதிலே ராமதாஸ் மரிக்காராக முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசினார். ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழையும், செல்வசேகரனின் உபாலி சிங்கள வாடை வீசும் தமிழையும், அப்துல் ஹமீதின் ஐயர் அக்கிரகாரத் தமிழையும் பேசினர். சமூகங்களை வாய்பாட்டு உருவங்களாகக் குறுக்கும் ஆபத்து இத்தகைய நகைச்சுவைக்கு என்றும் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் மேடைத் தமிழே தமிழென்று கருதப்பட்ட நாளில், நாட்டின் பல்வேறு நாவுகளும் ஒரே கூடத்தில் சமமாக அமர்ந்தமை சிறிய காரியமன்று. மக்கள் ராமதாஸின் பெயரோடு மரிக்காரையும் சேர்த்தே அழைக்கலாயினர்.

இவ்வெற்றியே 1976இல் 'கோமாளிகள்' திரைப்படமாயிற்று. 1978இல் 'ஏமாளிகள்' வந்தது. இவ்வளர்ச்சிக்குத் திறமை மட்டுமா காரணம்? 1970இல் பதவிக்கு வந்த அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அரசின் கைக்கு வந்தன. தென்னிந்தியப் படங்களின் நிழலில் முளைவிட இயலாதிருந்த ஈழத்துத் தமிழ்ப்படத்திற்குச் சிறிது வெளிச்சம் கிடைத்தது.

வன்னி மண்ணில் வாழும் நமக்கு இக்கதை புதிதன்று. அதே இறக்குமதிக் கட்டுப்பாடே கிளிநொச்சியிலும் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்திற்கும் நல்ல விலை தேடித் தந்தது. பாண் கடைகளில் மக்கள் வரிசையில் நின்ற காலமும் அதுவே. அக்கொள்கையை நாம் பொற்காலமென்று பாடவேண்டியதில்லை. ஆனால், காடு வெட்டிக் கழனியாக்கிய உழவனுக்கும், கொழும்பில் ஒலிவாங்கியின் முன் நின்ற கோமாளிக்கும் ஒரே வேலியே காவலாயிருந்தது என்பதை மறத்தலாகாது.

1977இன் பின் வேலி பிரிக்கப்பட்டது. திறந்த பொருளாதாரத்தில் இறக்குமதி மிளகாய் வந்து குவிய, நம் தோட்டக்காரன் நிலைகுலைந்தான். போட்டிக்கு ஈடுகொடுக்க முடியாது உள்ளூர்த் தமிழ்ப்படமும் தளர்ந்தது. 1982இல் ரூபவாகினி தோன்ற, வானொலியின் தனியாட்சியும் முடிந்தது. சந்தை தொடங்கியதை 1983 யூலையில் இனவெறி முடித்தது. கொழும்பில் தமிழருடைய வீடுகளும் கடைகளும் திரையரங்குகளும் எரிந்தன. மரிக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் ஐயரும் கூடிச் சிரித்த அந்தக் கற்பனைக் கூடத்திற்கு வெளியுலகில் இடமில்லாது போயிற்று.

செல்வசேகரன் 2012இல் மறைந்தார். ராமதாஸ் 2016இல் சென்னையிலே காலமானார். தன்னை ஆக்கிய நேயர்களிடமிருந்து கடல் கடந்து கலைஞன் கண்மூடியதை அவனது தனிப்பட்ட வீழ்ச்சியென்று எழுதுவது அறமாகாது.

நேயர்களின் வேட்கை ஒருபோதும் வற்றவில்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் கிடைக்காத 1990களில், வன்னி மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். கேட்கும் காது இருந்தது. பல நாவுகளும் சேர்ந்து சிரிக்கும் அரங்கு மட்டும் இல்லை.

இவ்வரலாற்றை எழுதவேண்டியவர் யார்? ஆசிரியரும் மாணவருமாகிய நாமே. அந்நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தோர் இன்னும் நம் ஊர்களில் வாழ்கின்றனர். அவர்களது நினைவுகளையும், எஞ்சியுள்ள ஒலிநாடாக்களையும், அந்நாளைய மிளகாய் விலையையும் ஒரே குறிப்பேட்டிலே பதிவுசெய்வோம்.