வாங்கிய குஞ்சுகளும் அடைக்கோழியும்

நாவல், சிறுகதை என்று பேசிவரும் இந்த நேரலையில் கோழியைப் பற்றிப் பேச இடம் கொடுத்த நண்பர்களுக்கு நன்றி. நான் செவிலியர் டிப்ளமோ படித்தவள். வரலாறு என் படிப்பு அல்ல. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வேலை செய்த ஆண்டுகளில் எழுந்த இரண்டு கேள்விகள்தான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்து வந்தன. தான் பொரிக்காத குஞ்சை ஒரு தாய் எப்படி ஏற்றுக்கொள்கிறாள்? தான் பெற்ற பிள்ளையிடமிருந்தே ஒரு தாய் எப்படி விலகிப்போகிறாள்?

வெளிநாட்டில் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து கோழி வளர்ப்பவர்கள் நம்மில் உண்டு. பல ஊர்களில் சேவல் வளர்க்க அனுமதி இல்லை. அதனால் முட்டையில் கரு இருக்காது. அது கோழிக்குத் தெரியாது. ஒருநாள் அடைக்கு உட்கார்ந்துவிடும். கூழ்முட்டையின் மேல் வாரக்கணக்கில் மெலிந்துகொண்டே கிடக்கும். அப்போது பலர் கடையிலிருந்து ஒருநாள் வயதுக் குஞ்சுகளை வாங்கிவந்து அதனிடம் சேர்க்கப் பார்க்கிறார்கள்.

செய்முறை எளிமையானதுதான். கோழி இரண்டு, மூன்று வாரமாவது உறுதியாக அடையில் இருந்திருக்க வேண்டும். குஞ்சுக்கு வயது ஒன்றிரண்டு நாள்தான் இருக்க வேண்டும். நன்றாக இருட்டிய பிறகு, சத்தமில்லாமல், அடிவயிற்றுக்குக் கீழே இருக்கும் முட்டை ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு குஞ்சை வைக்க வேண்டும், பிறகு அடுத்தது. கோழி தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினால், குஞ்சின் கீச்சொலி அடங்கினால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. விடியும் முன்பே போய்ப் பார்க்க வேண்டும். கோழி குறிவைத்துக் கொத்தினால் குஞ்சுகளை உடனே எடுத்துவிட வேண்டும். அதற்காக வெப்ப விளக்கு வைத்த பெட்டி ஒன்று முதல்நாளே தயாராக இருப்பது நல்லது.

இது இணையத்தில் பிறந்த அறிவு என்று நினைத்துவிடாதீர்கள். கொலுமெல்லா என்ற ரோமானியர் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்தவர். இன்றைய ஸ்பெயினின் காடிஸ் ஊர்க்காரர். வேளாண்மை பற்றி 12 பகுதிகள் கொண்ட நூல் எழுதினார். எட்டாம் பகுதியில் கோழி வருகிறது. இரண்டு மூன்று கோழிகள் பொரித்த குஞ்சுகளை, அவற்றில் நல்ல வளர்ப்புத் தாயாக இருக்கும் ஒரே கோழியிடம் சேர்த்துவிடலாம் என்கிறார். ஆனால் முதல் நாளிலேயே சேர்த்துவிட வேண்டும். தன் குஞ்சு எது, வேற்றுக் குஞ்சு எது என்று தாய்க்குப் பிரித்தறியத் தெரியாத நாள் அது. ஒரு கோழிக்கு முப்பதுக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறார். நம் பாட்டிமார் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைப்பிடித்த கணக்கும் இதற்குத் தூரமானதல்ல.

முதல் நாள் என்ற இந்தக் கெடு ஏன்? பதில் 1800 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்தது. டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் கூரை வேயும் வேலையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளுக்கு உடனே முகமூடி போட்டு, சில நாள் கழித்துக் கழற்றிப் பார்த்தார். 1873இல் அதை எழுதினார். சீக்கிரம் கழற்றிய குஞ்சு, நகர்வது எதுவானாலும், மனிதனே ஆனாலும், அதன் பின்னால் ஓடியது. ஏறக்குறைய நாலு நாள் முகமூடியோடு இருந்த குஞ்சுகளோ அவரைக் கண்டதும் மிரண்டு ஓடின. குஞ்சின் மனதில் ஒரு கதவு சிறிது நேரம் திறந்திருக்கிறது, பிறகு சாத்திக்கொள்கிறது.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவள். மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இயேசு எருசலேமை நினைத்து வருந்தும்போது, சிறகின்கீழ் குஞ்சுகளைச் சேர்க்கும் கோழியைத்தான் உவமையாக எடுக்கிறார். அங்கே கோழிக்கு மனம் இருக்கிறது. வர மனமில்லாதது குஞ்சுகளுக்குத்தான். சின்ன வயதில் இதென்ன உவமை, எந்தக் குஞ்சு தாயிடம் வராமல் போகும் என்று நினைத்திருக்கிறேன். வாரம் தாண்டிய குஞ்சுகளைக் கொண்டுபோய் அடைக்கோழியிடம் விட்டவர்களுக்கு அந்த வசனம் சட்டென்று புரியும்.

கோழியின் பக்கத்துக் கதவைத் திறப்பது ஒரு சுரப்பி நீர். 1930களில் ஆஸ்கர் ரிடிலும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் அதை ஆராய்ந்து புரோலாக்டின் என்று பெயரிட்டார்கள். முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழிக்கு அதை ஊசியாகப் போட்டால் அடைக்கு உட்கார்ந்துவிடும் என்று 1935இல் காட்டினார்கள். மனிதத் தாய்க்குப் பால் சுரக்க வைப்பதும் இதே புரோலாக்டின்தான். செவிலியர் படிப்பில் தாய்ப்பால் பாடத்தில் படித்த பெயரைக் கோழிக் கூண்டில் சந்தித்தபோது எனக்கு உறவினரைப் பார்த்ததுபோல இருந்தது.

இனி இயந்திரத்தின் கதை. கோழி இல்லாமல் குஞ்சு பொரிக்கும் கலை எகிப்தில் மிகப் பழையது, அரிஸ்டாட்டிலே குறிப்பிடுகிறார். மண்செங்கல் அறைகளில் சாணமும் வைக்கோலும் எரித்து, ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒரே நேரத்தில் பொரிக்க வைத்தார்கள். வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துச் சூடு பார்ப்பார்கள். அந்தக் கலை சில குடும்பங்களுக்குள்ளேயே தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது.

பிரெஞ்சு அறிவியலாளர் ரியோமூர் அதைக் கேள்விப்பட்டு, வெப்பமானி இருந்தால் இந்த ரகசியம் யாருக்கும் கைவரும் என்று முடிவுசெய்தார். குதிரைச் சாணக் குவியலில் புதைத்த பீப்பாய்களில் முட்டை வைத்துப் பொரித்து, 1749இல் நூல் வெளியிட்டார். பொரித்தாயிற்று; வளர்ப்பது எப்படி? சரிந்த கூரையுள்ள பெட்டிக்குள் ஆட்டுக்குட்டித் தோலைத் தைத்து, குஞ்சுகள் முதுகை அதில் ஒட்டிக்கொள்ளும்படி செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர் செயற்கைத் தாய். சூட்டை அளந்து முடித்த மனிதருக்கும் கடைசியில் தொட்டுக்கொள்ள ஒரு தோல் தேவைப்பட்டது.

1879இல் கலிபோர்னியாவின் பெட்டலூமா ஊரில் லைமன் பைஸ் விற்பனைக்கு ஏற்ற அடைகாப்புப் பெட்டியை உருவாக்கினார். அந்த ஊர் உலகத்தின் முட்டைக்கூடை என்று பெயர் வாங்கியது. 1918 முதல் அமெரிக்க அஞ்சல் துறை ஒருநாள் குஞ்சுகளைப் பார்சலாக ஏற்றுக்கொண்டது. குஞ்சு எப்படிப் பிழைக்கும்? பொரிவதற்குச் சற்று முன் அது மஞ்சள்கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதை வைத்து இரண்டு, மூன்று நாள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் தாங்கும். கடைசி முட்டை பொரியும்வரை தாய் எழுந்திருக்க மாட்டாள். முதலில் வந்த குஞ்சு அதுவரை காத்திருக்க வேண்டும். அதற்காக இருந்த ஏற்பாட்டின் மேல்தான் ஒரு வணிகம் எழுந்து நின்றது.

இன்னொன்றும் நடந்தது. அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையிடாது. பெட்டி வந்த பிறகு அது வெறும் நஷ்டம். லெகார்ன் போன்ற முட்டைக் கோழிகளில் அடைக்கு உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். முட்டை பெருகியது. தாயாகத் தெரியாத கோழியும் பெருகியது.

இப்போது என் வார்டுக்கு வருகிறேன். 1878இல் பாரிஸ் பிரசவ மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே, அந்நகரின் விலங்குக் காட்சியகத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்தார். அதைச் செய்த ஒதில் மார்த்தானிடம், குறைமாதக் குழந்தைகளுக்கும் ஒன்று செய்து தரக் கேட்டார். சூடுதண்ணீர்த் தொட்டியின் மேல் அமைந்த அந்தப் பெட்டி 1880இல் பாரிஸ் பிரசவ மருத்துவமனைக்கு வந்தது. 2000 கிராமுக்குக் குறைவான குழந்தைகளில் இறப்பு 66 விழுக்காட்டிலிருந்து 38 விழுக்காடாகக் குறைந்ததாகப் பதிவானது. பிரெஞ்சு மொழியில் அந்தப் பெட்டிக்குப் பெயர் கூவேஸ். அடைக்கோழிக்கும் அதே சொல்தான்.

தார்னியேயின் மாணவர் பியேர் புதேன் இந்த வெற்றிக்குள் ஒரு விரிசலைக் கண்டார். பெட்டியில் விட்டுவிட்டுப் பிரிந்திருக்கும் தாய்மார் சிறிது சிறிதாகக் குழந்தைமேல் நாட்டமிழக்கிறார்கள் என்று 1900இல் எழுதினார். தாய் வந்து பார்க்கவும் பாலூட்டவும் வேண்டும் என்று வற்புறுத்தினார். பிறகு வந்த நவீன மருத்துவமனைகள் பலவும் தொற்றுக்குப் பயந்து தாயைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்தின.

கதவைத் திறந்தது வறுமை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதவில்லை, தொற்றும் பரவியது. மருத்துவர் எட்கர் ரே, குறைமாதக் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு முறை அப்படிப் பிறந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. முதலில் இன்குபேட்டரில் வைத்து, உடல்நிலை சீரான பிறகு தாயிடம் கொடுத்தபோது முதல் 28 நாளில் இறப்பு 15.7 விழுக்காடு. பிறந்த உடனே தாயின் மார்பில் சேர்த்தபோது 12.0. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் உடனடிக் கங்காரு முறையைப் பரிந்துரைத்தது. மூச்சுக்கே இயந்திரம் தேவைப்படும் குழந்தைக்கு இயந்திரம் வேண்டும்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்குபேட்டரைக் குறை சொல்ல நான் இதையெல்லாம் சொல்லவில்லை. அது காப்பாற்றிய பிள்ளைகளை இந்தக் கைகளால் தூக்கியிருக்கிறேன். சூடு வேறு, சேர்க்கை வேறு. சூட்டைப் பெட்டிக்குள் கொண்டுவர மனிதர் பெரும் அறிவைச் செலவிட்டார்கள். சேர்க்கைக்கு வேண்டியது நேரமும் தொடுகையும். அதைக் கோழி வைத்திருந்தவர்கள் எப்போதும் அறிந்திருந்தார்கள்.

கொலுமெல்லா தான் அறிந்ததை எழுதிவைத்தார். நம் வீட்டுப் பெண்கள் எழுதவில்லை. உங்கள் அம்மாவோ அப்பத்தாவோ ஊரில் கோழி அடை வைத்தவராக இருந்தால், இந்த வாரம் தொலைபேசியில் பேசும்போது கேளுங்கள். எத்தனை முட்டை வைப்பார்கள், எந்த நாளில், எந்த நேரத்தில். வாத்து முட்டையை வைத்து ஏமாற்றியது உண்டா. கோழி ஏற்காத குஞ்சை என்ன செய்தார்கள்? அவர்கள் சொல்கிறபடியே, அவர்கள் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள்.