ஓசூர்–கிருஷ்ணகிரி தொழில்வட்டாரத்தில் குடும்பத் துணையும் மனநலமும்

தமிழகத்தின் வடமேற்கு மூலையில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்தது ஓசூர்–கிருஷ்ணகிரி தொழில்வட்டாரம். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் நெடுங்காலமாகப் புழங்கிவரும் பகுதி இது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இங்கு வந்து குடியேறிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் தாய் தந்தையரையும் பங்காளிகளையும் சொந்த ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். துன்பம் வந்தால் தாங்குவதற்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அவர்களுக்குப் புதிதாக எழுந்தது. அந்தக் கேள்விக்கு இவ்வட்டாரமும், இதை அடுத்துள்ள பெங்களூரும் தந்த விடைகளை இக்கட்டுரை கூறுகிறது.

மானாவாரி நிலத்திலிருந்து மூன்று ஷிப்டுக்கு

1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது. கிருஷ்ணகிரியும் ஓசூரும் அதில் அடங்கியிருந்தன. 2004 பிப்ரவரி 9 அன்றுதான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. கேழ்வரகு, மாந்தோப்பு, கால்நடை இவையே மக்களின் பிழைப்பு. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம், பின்தங்கிய பகுதி என்ற கணக்கில் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980-ஆம் ஆண்டையொட்டி டிவிஎஸ், அசோக் லேலண்ட் ஆலைகள் வந்தன. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-இல் சேர்ந்து உருவாக்கிய டைட்டன், 1986–87-இல் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. சிற்றூராக இருந்த ஓசூர் 2019-இல் மாநகராட்சியாகிவிட்டது.

ஊரின் வளர்ச்சியைக் கணக்கிடுவது எளிது. வீட்டுக்குள் நடந்த மாற்றத்தை அப்படிக் கணக்கிட முடியாது. கிராமத்தில் கணவன் மனைவிக்குள் சண்டை வந்தால் மாமியாரோ பெரியப்பாவோ நடுவில் வந்து நிற்பார். பிள்ளை பெற்றவள் இரவெல்லாம் அழுதால், பார்ப்பதற்கு இரண்டு கிழவிகளாவது இருப்பார்கள். ஓசூரின் இரண்டறை வாடகை வீட்டில் கணவன் இரவு ஷிப்டுக்குப் போனபின் இருப்பது அவளும் குழந்தையும் மட்டுமே. பக்கத்து வீட்டுக்காரி கன்னடமோ தெலுங்கோ பேசுபவளாக இருக்கலாம். பழகப் பழக மொழி வந்துவிடும். ஆனால் மனத்தைத் திறந்து பேசும் அளவுக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

கூட்டுக்குடும்பம் எல்லாருக்கும் நிழலாக இருந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. ‘நாலு பேர் இருக்கிறார்கள்’ என்று சொல்லும் அதே வாய்தான் ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்றும் சொல்கிறது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைக் கிராமங்களில் இன்றும் முற்றாக ஒழியாத குழந்தைத் திருமணத்தை நடத்திவைப்பவர்கள் குடும்பத்தாரே. அந்தச் சிறுமிக்கு ஓசூர் ஆலையின் வேலை ஒரு விடுதலை. ஆகவே, குடும்பத்தை விட்டு வந்தது சிலருக்கு நோயாயிற்று, சிலருக்கு மருந்தாயிற்று.

சமுதாயத்தோடு உள்ள பிணைப்புக்கும் உயிர்வாழும் விருப்பத்துக்கும் தொடர்புண்டு என்பதை பிரெஞ்சு சமூகவியலறிஞர் எமில் டர்க்கைம் 1897-இல் வெளியிட்ட தற்கொலை பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்தார். பிணைப்பு அளவுக்கு மிஞ்சித் தளர்ந்தாலும் ஆபத்து, அளவுக்கு மிஞ்சி இறுகினாலும் ஆபத்து என்றார் அவர். இந்த எல்லைப்புற வட்டாரத்தில் இரண்டையும் காணலாம்.

வாடகை வீட்டில் ஒரு தாய் தந்தை

ஓசூரின் தொழில் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஓர் ஏற்பாடு டைட்டனின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. கைக்கடிகாரம் செய்யத் தெரிந்த தொழிலாளர்கள் அக்காலத்தில் இப்பகுதியில் கிடையாது. நிறுவனத்தை வழிநடத்திய செர்க்சஸ் தேசாயும் அவருடைய குழுவினரும் பள்ளிப் படிப்பை முடித்த 17, 18 வயதுக் கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியளிக்க முடிவு செய்தனர். கடிகாரத் தொழிலைக் கற்றுக்கொடுப்பதைவிட, வீட்டை விட்டு முதன்முறையாக வெளியே வந்த இத்தனை பிள்ளைகளை எங்கே தங்கவைப்பது, யார் பார்த்துக்கொள்வது என்பதே பெரிய சிக்கலாக இருந்தது.

பெரிய விடுதி ஒன்றைக் கட்டி எல்லாரையும் அதில் அடைப்பதே வழக்கமான தீர்வு. டைட்டன் வேறு வழியில் சென்றது. ஊருக்குள் வீடுகளை வாடகைக்கு எடுத்து, பிள்ளைகளைச் சிறு குழுக்களாகத் தங்கவைத்து, அவர்களுக்கு வளர்ப்புப் பெற்றோர்களையும் ஏற்பாடு செய்தது. வேளைக்குச் சாப்பிட்டார்களா, காய்ச்சல் அடிக்கிறதா, சம்பளப் பணம் எங்கே போகிறது, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்பதற்கு வீட்டில் ஒரு மனிதர் இருந்தார். பிற்காலத்தில் இந்தப் பிள்ளைகளே நிறுவனத்தின் அனுபவமிக்க தொழிலாளர்களாயினர். ஊழியர்களுக்காக அமைந்த குடியிருப்பைப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்தார்.

இதை மனநலத் திட்டம் என்று அன்று யாரும் அழைக்கவில்லை. வேலைக்கு ஆள் நிலைக்க வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். ஆனால் புதிய ஊருக்கு வந்த இளம்வயதினருக்குத் தேவையானவை என்று மனநல வல்லுநர்கள் கூறுபவை (சிறிய குழு, தெரிந்த முகம், தினசரி விசாரிப்பு) எல்லாம் அதில் அடங்கியிருந்தன. பள்ளிகளில் பிள்ளைகளோடு காலம் கழித்தவர்களுக்கு இதன் அருமை விளக்காமலே புரியும்.

பெண்கள் கூடி உட்கார்ந்த இடம்

இரண்டாவது ஏற்பாடு கிராமங்களில் உருவானது. 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழக அரசு மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி. இன்று தமிழகம் முழுதும் பரவியுள்ள மகளிர் சுய உதவிக் குழுக்களின் தொடக்கம் அது. 1990-களின் பிற்பகுதியில் இது ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் மாநிலமெங்கும் விரிந்தது.

பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் ஒரு குழு. சேமிப்பு, உள்கடன், கணக்குப் புத்தகம் இவையே அதன் வெளிப்படையான வேலை. ஆனால் தெருவில் நின்று பேசினாலே கேள்வி கேட்கப்பட்ட பெண்களுக்கு, வாரம் ஒருமுறை கூடி உட்கார்வதற்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்தது. குடிக்கிற கணவன், படிப்பை நிறுத்திய மகள், உடம்பு நோவு எல்லாம் கணக்கு முடிந்தபின் பேச்சில் வரும். லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்த ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் 1978-இல் வெளியிட்ட நூல், மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இருப்பது மனச்சோர்விலிருந்து பெண்களைக் காக்கிறது என்று காட்டியது. குழுக்கூட்டம் இங்கே அத்தகைய ஒருவரைக் கொடுத்தது.

ஓசூர்ப் பகுதியில் இது ஆலையோடும் இணைந்தது. மைராடா என்ற தொண்டு நிறுவனம் அமைத்த குழுக்களின் பெண்கள், டைட்டன் கடிகாரங்களுக்கான பட்டைகளைத் தயாரிக்கும் ‘மெடோ’ என்ற நிறுவனத்தை 1990-களில் தங்களுடையதாகவே நடத்தத் தொடங்கினர்.

குழுவுக்கு இன்னொரு முகமும் உண்டு. தனியார் நுண்கடன் நிறுவனங்கள் அதே குழு முறையைக் கையிலெடுத்தபோது, ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்களே அவள் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. துணையாக இருந்த நாலு பேர் கடன்காரர்களின் நாலு பேராக மாறினர். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழக சட்டமன்றம் 2025-இல் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது.

சாலையின் மறுமுனை

நோய் முற்றியபின் ஓசூர்க்காரர்கள் போகுமிடம் பெங்களூரு. சென்னை முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். பெங்களூரோ நாற்பது கிலோமீட்டர்தான். தேசிய மனநல நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் இருப்பதும் ஓசூர் சாலையிலேயே. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பைத்தியக்கார விடுதியாகத் தொடங்கிய மருத்துவமனை, 1925-இல் மைசூர் அரசு மனநல மருத்துவமனை எனப் பெயர் மாறி, 1930-களில் இன்றைய இடத்துக்கு வந்தது. 1954-இல் அங்கே அகில இந்திய மனநல நிறுவனம் அமைந்தது. இரண்டும் 1974-இல் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின.

பழைய விடுதிகளின் அடிப்படை எண்ணம், நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துவைப்பது. அதை மாற்றியவர்களில் முதன்மையானவர் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் டாக்டர் வித்யா சாகர். 1950-களில் போதிய பணியாளர்கள் இல்லாத நிலையில், உறவினர்களையே அழைத்து மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்து நோயாளிகளோடு தங்கவைத்தார். நோயைக் கண்கூடாகப் பார்த்த உறவினர்களின் பயம் தெளிந்தது. குணமானவரை வீட்டுக்கு அழைத்துச் செல்வதில் தயக்கமும் குறைந்தது. 1957-இல் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவதே முறையாயிற்று. நிம்ஹான்ஸில் குடும்ப மனநலத்துக்கெனத் தனிப் பிரிவே உள்ளது. 1970-களின் நடுவில் ஆனேக்கல் வட்டத்துச் சகலவாராவில் அது தொடங்கிய கிராமப்புற மையம், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் மனநலப் பயிற்சியளித்தது. ஓசூரிலிருந்து பார்த்தால் அது எல்லைக்கு அப்பால் உள்ள அடுத்த வட்டந்தான்.

ஏறக்குறைய இதே காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு வியப்பான முடிவு வந்தது. லண்டன் மருத்துவமனைகளிலிருந்து வெளியேறிய நோயாளிகளில், பெற்றோரிடமோ வாழ்க்கைத் துணையிடமோ திரும்பியவர்கள், தங்கும் விடுதிகளுக்கோ உடன்பிறந்தார் வீடுகளுக்கோ சென்றவர்களைவிட அதிகமாக மீண்டும் நோயுற்றனர் என்று ஜார்ஜ் பிரவுனும் உடன் ஆய்வாளர்களும் 1958-இல் எழுதினர். தொடர்ந்த ஆய்வுகள் காரணத்தைத் தெளிவாக்கின: ஓயாத குறைகூறல், வெறுப்பு, மூச்சுமுட்டும் அளவுக்கு மிகையான அக்கறை. இதே அளவுகோலைச் சண்டிகரில் பயன்படுத்தி, 1987-இல் வெளியான ஆய்வு, இத்தகைய போக்கு அங்குள்ள குடும்பங்களில் லண்டனைவிடக் குறைவு என்று கண்டது. சுமை பல தோள்களில் பகிரப்படுவதே காரணம் என்பது பலரது விளக்கம். அது சரியென்றால், ஒரே தோள் உள்ள ஓசூர்த் தனிக்குடித்தனத்துக்கு அந்த அனுகூலம் எவ்வளவு மிஞ்சும் என்பது தீவிரமாகக் கேட்க வேண்டிய கேள்வி.

மண உறவின் துணையும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றல்ல. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பின் ஆய்வாளர்கள், மனச்சிதைவு நோயால் மணவாழ்வு முறிந்த பெண்களைப் பற்றி 2003-இல் எழுதினர். கணவனால் கைவிடப்பட்டவர்கள் பிறந்த வீட்டுக்கே திரும்பியிருந்தனர். பார்த்துக்கொள்வது வயதான பெற்றோர். தமக்குப்பின் மகளுக்கு யார் என்பதே அவர்களின் தீராக் கவலை. குடும்பங்கள் களைத்துப்போனால் என்னாகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி காட்டியது. காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் இறந்தனர். அவர்களை அங்கே விட்டுச்சென்றவர்கள் உறவினர்களே. அவர்களை மட்டும் குறைசொல்வது எளிது. ஆனால் அருகில் மருத்துவமும் இல்லை, உதவிக்கு ஆளும் இல்லை என்ற நிலையில் அவர்கள் இருந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்றைய நிலை

இப்போது ஓசூருக்கு வருபவர்கள் தருமபுரி, சேலம் பிள்ளைகள் மட்டுமல்லர். ஓசூரை அடுத்துள்ள டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளின் பழங்குடிப் பெண்கள் ஏறக்குறைய 6,000 பேர் பணிபுரிவதாக ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2022 நவம்பரில் கூறினார். வட்டாரத்தின் மற்ற ஆலைகளிலும் கட்டடப் பணிகளிலும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் உள்ளனர். இவர்களில் பலருக்கு வளர்ப்புப் பெற்றோர் இல்லை, விடுதிக் காப்பாளர் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மாநில எல்லைகள் அடைபட்டபோது, சோறும் கூலியும் இல்லாததோடு, நம்முடையவர் என்று சொல்ல இந்த ஊரில் யாருமில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்தது. பலர் நடந்தே புறப்பட்டனர்.

அரசின் பங்கு முன்பைவிடக் கூடியிருக்கிறது. கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பல இந்திய மொழிகளில் பேசலாம். இதன் தேசியத் தலைமை மையங்களில் முதன்மையானது நிம்ஹான்ஸ்.

2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்தது. சிகிச்சையில் அவருக்குத் துணைநின்று முடிவெடுக்க உதவும் பிரதிநிதி ஒருவரையும் அச்சட்டம் வேண்டுகிறது. நோயாளி தாமே எழுத்தில் நியமித்தவர் இருந்தால் அவர்தான் பிரதிநிதி. யாரையும் நியமிக்காதவருக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் முன்கூட்டியே எழுதிய விருப்ப ஆவணத்தில் குறிப்பிட்டவர், அடுத்து உறவினர், அதன்பின் உறவாக இல்லாவிட்டாலும் பராமரிப்பவர், பிறகு மனநல ஆய்வுக் குழுமம் தேர்ந்தெடுக்கும் தகுதியானவர். இவர்களில் ஒருவரும் இல்லையென்றால், சமூகநலத் துறையின் இயக்குநரே அந்த நோயாளிக்குப் பிரதிநிதி.