தப்பிப் பிழைத்த ஒரு நகல்

வீட்டுப் பூட்டுக்கு மாற்றுச் சாவி செய்கிறீர்கள். அதையும் முதற் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்தால் என்ன பயன்? வளையம் தொலைந்தால் இரண்டும் தொலையும். இந்த எளிய உண்மையை உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களுள் ஒன்று 2017ஆம் ஆண்டில் பெரும் பொருளை இழந்து கற்றுக்கொண்டது.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் தலைமையகம் கொண்டது மேர்ஸ்க் நிறுவனம். அவ்வாண்டு ஜூன் 27ஆம் நாள் அதன் கணிப்பொறித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருண்டன. 'நாட்பெட்யா' என்னும் நாச நிரலே காரணம். உக்ரைனில் பலர் பயன்படுத்திய கணக்கு மென்பொருள் ஒன்றின் திருத்தப் பதிப்போடு கலந்து நுழைந்த அது, கணிப்பொறி இணைப்புகளின் வழியே நாடுகளைத் தாண்டிப் பரவியது. துறைமுக வாயில்களில் லாரிகள் வரிசை வரிசையாக நின்றன.

காப்பு நகல்கள் இல்லையா என்று கேட்பீர்கள். பல தகவல்களுக்கு இருந்தன. ஆனால் எந்தப் பணியாளர் எந்தக் கணிப்பொறியில் நுழையலாம் என்று காட்டும் பெயரேடு அழிந்துபோயிற்று. அஃதின்றி எதையும் மீண்டும் இயக்க முடியாது. ஏறக்குறைய 150 கணிப்பொறிகள் அந்த ஏட்டைத் தாங்கியிருந்தன. ஒன்று கெட்டால் மற்றவை கைகொடுக்கும் என்பது ஏற்பாடு. அனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தமையால் அனைத்தும் ஒருங்கே கெட்டன.

ஒன்று மட்டும் தப்பியது. ஆப்பிரிக்காவில், கானா நாட்டு அலுவலகத்தில், தாக்குதலுக்குச் சற்று முன்னர் மின்சாரம் நின்றுவிட்டது. இணைப்பு அறுந்ததால் அங்கிருந்த ஏடு பிழைத்தது! அதைக் கம்பிவழி அனுப்பப் பல நாள் பிடிக்கும். எனவே அங்கிருந்த ஊழியர் தகவல் வட்டை நைஜீரியாவுக்கு எடுத்துச் சென்று மற்றோர் ஊழியரிடம் கொடுக்க, அவர் அதை விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்தார்.

பத்தே நாள்களில் 4,000 சேவைக் கணிப்பொறிகளும் 45,000 மேசைக் கணிப்பொறிகளும் புதிதாக நிறுவப்பட்டதாக நிறுவனத் தலைவர் 2018 ஜனவரியில் கூறினார். அதுவரை ஊழியர்கள் பெரும்பாலும் கையாலேயே வேலை பார்த்தனர். இழப்பு 20 முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனம் மதிப்பிட்டது.

நகல்கள் எத்தனை என்பதைவிட, அவற்றுள் ஒன்றேனும் இணைப்பின்றித் தனியே இருக்கிறதா என்பதே கேள்வி. அதிலிருந்து எல்லாவற்றையும் மீட்க முடியுமா என்று முன்கூட்டியே செய்து பார்ப்பதும் வேண்டும். கானாவில் மின்தடை செய்த வேலையை, நாம் திட்டமிட்டுச் செய்யலாமே! உங்கள் பள்ளி அல்லது அலுவலகத்தின் பதிவேடுகளுக்குத் தனி நகல் எங்கே இருக்கிறது என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.