கை எட்டாத தூரத்தில் ஒரு நாய்

பக்கத்தில் நின்று "இரு" என்றால் எங்கட வீட்டு நாய்கள் பெரும்பாலும் இருக்கும். முப்பது அடி தள்ளி நின்று சொல்லிப் பாருங்கள். எழும்பி, வாலை ஆட்டிக்கொண்டு நேரே ஓடிவந்து உங்கட காலடியில் இருக்கும். அது சொல்வழி கேளாத நாய் இல்லை. "இரு" என்ற சொல்லை உங்கட காலடியோடு சேர்த்துப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளவத்தை பிளாட்டுகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் நாய் வளர்க்கிற எங்களுக்கு முப்பது அடியே பெரிய தூரம். மொட்டைமாடி இருக்கிறது, இல்லாவிட்டால் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற துண்டு மணல். அதனால் எங்கட நாய்கள் பலதும் சங்கிலி நீளத்துக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கின்றன. கைக்கு எட்டாத தூரத்தில் நாயை வேலை செய்யப் பழக்குவதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பகுதி எங்கட மண்ணிலேயே நடந்தது.

1850களில் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நாய்க் கூட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு மரை வேட்டையாடினார். அதைப் பெருமையாக எழுதியும் வைத்தார். காட்டுக்குள் போன நாய்கள் கண்ணுக்குத் தெரியாது, குரைப்பைக் கேட்டுப் பின்னால் ஓடவேண்டியதுதான். அங்கே மனிதன் நாய்க்கு வழி காட்டவில்லை, நாய் போன வழியில் அவன் போனான். இதற்கு நேர்மாறானது செம்மறி மேய்க்கும் நாய். 1873இல் வேல்ஸ் நாட்டின் பாலா என்ற ஊரில் அப்படியான நாய்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். மேய்ப்பன் ஓரிடத்தில் நிற்பான். தொலைவில் இருக்கிற நாயை விசிலாலும் குரலாலும் இடம் வலம் திருப்புவான். வென்றது டுவீட் என்ற நாய். அதை வழிநடத்திய ஜேம்ஸ் தொம்சன், வேல்ஸில் குடியேறிய ஸ்கொட்லாந்துக்காரர்.

செம்மறி நாய்க்கு மந்தையை வளைப்பது பிறவியிலேயே வருகிறது. அப்படி எதுவும் இல்லாத ஒரு வேலையைத் தூரத்தில் செய்ய வைப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு இரண்டாம் உலக யுத்தத்தில் இரண்டு படைகள் இரண்டு விதமாகப் பதில் தேடின. ஜேர்மன்காரர்கள் மரப்பெட்டியிலும் கண்ணாடியிலும் மிதிவெடி செய்யத் தொடங்கியதால் உலோகம் தேடும் கருவி தடுமாறியது. மோப்பம்தான் வழி என்று இரு பக்கமும் நாய்களைப் பழக்கின. அமெரிக்கர்கள் கையாண்டது பயத்தை. புதைத்து வைத்த இடத்தில் நாய் கால் வைத்தால் மின்சாரம் அடிக்கும், அந்தப் பயத்தில் அது விலகிப் பழகும் என்பது கணக்கு. பிரித்தானியர்கள் கண்டுபிடித்த நாய்க்குச் சாப்பாடு கொடுத்தார்கள். வட ஆபிரிக்காவில் சோதித்தபோது, அமெரிக்க நாய்கள் புதைத்த வெடிகளில் கிட்டத்தட்டப் பாதியைத் தவறவிட்டன. பிரித்தானிய நாய்கள் 1944இல் ஐரோப்பாவில் களத்தில் இறங்கி வேலை செய்தன.

எங்களுக்கு இது ஆச்சரியமாகப் படவில்லை. பயந்த நாய் வெடியைத் தேடாது, அடி விழாத இடத்தைத்தான் தேடும். அதோடு, தண்டனை கை நீளம் வரைக்கும்தானே போகும். அதைத் தாண்டி நிற்கிற நாயிடம் மிஞ்சுவது, "இதைச் செய்தால் நல்லது கிடைக்கும்" என்ற நம்பிக்கை மட்டும்தான்.

இந்த நம்பிக்கையை விளையாட்டாக்கியது அஜிலிட்டி. 1978இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளையை நிரப்ப ஏதாவது வேண்டும் என்று ஜோன் வார்லி யோசித்தார். குதிரைத் தாண்டல் போட்டியைப் பார்த்து, பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல்லோடு சேர்ந்து நாய்களுக்கு ஒரு தடைப்பாதை அமைத்தார். தாண்டல், குழாய், ஏறி இறங்கும் பலகை, எல்லாம் ஓட்டத்தில். சங்கிலி இல்லை, நாயைத் தொடவும் கூடாது. பிறகு அமெரிக்காவில் இன்னொரு வகை வந்தது. தரையில் ஒரு கோடு. ஆள் அதைத் தாண்டக்கூடாது, நாய் மட்டும் தூரத்தில் இருக்கிற தடைகளைத் தாண்டவேண்டும். அந்தச் சுற்றுக்கு அவர்கள் வைத்த பெயரின் அர்த்தமே சூதாட்டம்.

பழக்குகிற முறையில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பொறுமைதான் வேண்டும். முதலில் தடைக்குப் பக்கத்தில் நின்று பழக்குவது, பிறகு ஒரு அடி தள்ளி, இன்னொரு நாள் இன்னும் ஒரு அடி. தூரத்தைக் கூட்டுகிற நாளில் தடையைச் சுலபமாக வைக்கவேண்டும். நாய் உங்கட சொல்லைவிட உங்கட தோளும் பாதமும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதைத்தான் கவனிக்கும். எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் இது: பரிசை உங்கட கையில் கொடுக்காதீர்கள், நாய் நிற்கிற இடத்துக்கு எறியுங்கள். பிஸ்கட் எப்போதும் உங்கட கையிலிருந்தே வந்தால், தூரத்தில் இருக்க நாய்க்கு என்ன தேவை இருக்கிறது? மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து, அதைச் சுற்றிவர அனுப்பியே இதைத் தொடங்கலாம்.

எங்கட பெற்றோர் தலைமுறையிடம் வேலை செய்கிற நாய் என்று சொன்னால் வேறு ஞாபகம்தான் வரும். இலங்கைப் பொலிஸின் நாய்ப் பிரிவு 1948இல் தொடங்கியது, கண்டி அஸ்கிரியவில் அதன் தலைமையகம். யுத்த காலத்துக் கொழும்பில் சோதனைச்சாவடியும், பையை மோந்து பார்க்கிற நாயும், அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிற தமிழரும் ஒரே காட்சிதான். அந்த நாயை ஒருவரும் ரசித்துப் பார்க்கவில்லை.

2002 யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு வடக்கில் மிதிவெடி அகற்றும் வேலை பெரிதாகத் தொடங்கியபோது நாய்களும் அதில் சேர்ந்தன. அமெரிக்காவின் மார்ஷல் லெகசி இன்ஸ்டிடியூட் இலங்கை ஆமியின் மிதிவெடி அகற்றும் பிரிவுக்கே நாய்கள் கொடுத்தது. புதைத்தவர்களில் ஒரு தரப்பின் கையில் தேடுகிற நாய். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒற்றுமை இல்லை. ஆனால் அந்த மண்ணில் இரண்டு தரப்பு வெடியும் கிடந்தது. ஆமி வைத்த பி-4இல் உலோகம் மிகக் கொஞ்சம். புலிகளின் ஜொனி மிதிவெடி மரப்பெட்டி. நாயின் மூக்கு யார் புதைத்தது என்று பார்ப்பதில்லை, வெடிமருந்தின் வாசனையைத்தான் பார்க்கிறது.

நீள்கயிற்று முறையில் ஆள் துப்புரவாக்கிய பாதையிலேயே நிற்பார். நாய் ஏறக்குறைய பத்து மீற்றர் வரை தனியாக, நேர்கோட்டில், மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு போகும். அங்கேயும் ஆள் தாண்டக்கூடாத ஒரு கோடு இருக்கிறது. வாசனை பிடித்தால் நாய் தோண்டாது, குரைக்காது, அசையாமல் இருந்துவிடும். எங்கட வீட்டு நாய் முப்பது அடியில் செய்ய மறுக்கிற அதே "இரு"தான். ஒரு நாய் பார்த்து முடித்த நிலத்தை இன்னொரு நாய் திரும்பப் பார்த்த பிறகே நம்புவார்கள். ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூனுக்குள் நிலம் துப்புரவாக வேண்டும்.

மிதிவெடி நிலத்தில் நாய் இருக்கிற இடத்துக்குப் பந்தை எறிய முடியாது. அங்கே அதைக் கூப்பிட்டு எடுத்துவிட்டு, இடத்தைக் குறித்து, ஆட்கள் கையால் கிளறிப் பார்ப்பார்கள். அதனால் வெடி எங்கே புதைத்திருக்கிறது என்று முன்பே தெரிந்த பயிற்சி நிலத்துக்கு அந்த நாய்களைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோகிறார்கள். அங்கே அது சரியான இடத்தில் இருந்தால், இருந்த இடத்திலேயே பந்து வந்து விழும்.