மடியில் கனல்

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் தமக்கை மகனுக்குச் சென்ற கோடையில் மடியில் இருந்தது கனம் அல்ல, கனல். ஆபீஸில் கொடுத்த லாப்டாப்தான் அது. வாரத்தில் நான்கு நாள் என் வீட்டு மாடி அறையிலிருந்தே அவன் வேலை பார்த்தான். காலை பத்து மணிக்குத் திறப்பான். பதினோரு மணிக்கெல்லாம் அது இரையத் தொடங்கிவிடும். கீழே கூடத்தில் எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு, மாடியில் யாரோ ரைஸ் மில் வைத்திருப்பதுபோல் தோன்றும். ஆபீஸ் கூட்டங்களில் தூரதேசத்துச் சகாக்கள், "உங்கள் வீட்டில் மாவு அரைக்கிறார்களா?" என்று விசாரித்தார்களாம்.

"மாமா, இதுக்கு நேரம் தவறாமல் ஜுரம் வந்துடறது. தொட்டுப் பாருங்களேன்" என்றான் ஒரு நாள். தொட்டேன். கையை எடுத்துக்கொண்டேன்.

வேடிக்கையாக ஆரம்பித்த விஷயம் பிறகு வேடிக்கையாக இல்லை. யந்திரம் சூடேறியதும் நடை தளர்ந்துவிடும். ஒரு நிமிஷத்தில் முடிய வேண்டியது ஐந்து நிமிஷம் எடுக்கும். அவனோ வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவன்; இன்னும் உத்தியோகம் உறுதியாகவில்லை. "வேகம் போதாது" என்று மேலிடத்திலிருந்து எழுத்து மூலமாக ஓர் எச்சரிக்கை வந்தது. பையன் அதை என்னிடம் காட்டியபோது முகம் சுண்டிப் போயிருந்தது.

அந்த எச்சரிக்கையைப் படித்த பிறகுதான் இந்தச் சூட்டின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க வேண்டும் என்ற ஆத்திரம் எனக்கு வந்தது. படித்துப் பார்த்தால், இந்த ஜுரம் நேற்று வந்த ஜுரம் அல்ல. கம்ப்யூட்டரோடு கூடவே பிறந்தது.

1946-ம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து பென்சில்வேனியா சர்வகலாசாலையில் ஒரு யந்திரத்தை உலகத்துக்குக் காட்டினார்கள். எனியாக் என்று பெயர். ஜான் மாக்லி, பிரெஸ்பர் எக்கர்ட் என்ற இருவர் அதன் பிரம்மாக்கள். பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று இராணுவத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதற்காகப் பிறந்தது. எடை சுமார் 30 டன். அதற்குள்ளே ஏறக்குறைய 18,000 வால்வுகள். பழைய ரேடியோப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு வால்வு தெரியும். குட்டி விளக்குப்போல் செக்கச் செவேல் என்று கனன்றுகொண்டிருக்கும். ஐந்தாறு வால்வு உள்ள ரேடியோவின் தலையிலேயே பூனை படுத்துக் குளிர் காயும். பதினெட்டாயிரம் என்றால்? அந்த யந்திரம் தின்ற மின்சாரம் 150 கிலோவாட். அதாவது ஆயிரம் வாட் மின்சார அடுப்புகள் நூற்றைம்பதை ஒரே ஹாலில் ஏற்றி வைத்ததற்குச் சமானம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும. மின்சார மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும், ரயிலை இழுக்கும். கம்ப்யூட்டர் தூக்குவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. அது தின்ற மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் உஷ்ணமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். விடை காகிதத்தில், மீதியெல்லாம் காற்றில். ஆகவே எனியாக்குக்கு அறைக்குள் பெரிய ஊதுவிசிறிகளை வைத்துக் காற்றைத் தள்ளினார்கள். எக்கர்ட் ரொம்பவும் ஜாக்கிரதைக்காரர். வால்வுகளை அவற்றின் முழுச் சக்திக்கு ஓடவிடாமல், மிகவும் அடக்கியே ஓட்டினார். அப்படியும் இரண்டு நாளைக்கு ஒரு வால்வாவது உயிரை விட்டுக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த ஆண்டு, 1947 டிசம்பரில், பெல் ஆராய்ச்சிச் சாலையில் டிரான்சிஸ்டர் பிறந்தது. கனலத் தேவையில்லாத வால்வு என்று சொல்லலாம். இனிமேல் சூட்டுத் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. ஒழியுமா? வால்வு ஒன்று இருந்த இடத்தில் நூறு டிரான்சிஸ்டரை வைக்கலாம் என்றால், மனிதன் ஆயிரத்தை வைக்கப் பார்ப்பான். இடம் மிச்சமானதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டம் சேர்ந்த இடத்தில் புழுக்கமும் சேர்ந்தது.

ஸீமோர் கிரே என்ற மேதை 1964-ல் வெளியிட்ட ஸி. டி. ஸி. 6600 என்ற யந்திரம் அந்நாளில் உலகத்திலேயே வேகமானது. அதன் உடலுக்குள் குழாய் வைத்து, குளிர்ப்பெட்டியில் ஓடுகிற ஃப்ரியான் திரவத்தை ஓடவிட்டார்கள். 1976-ல் அவருடைய கிரே-1 வந்தது. ஐந்தரை டன் எடை. வட்டத்தின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்ததுபோல் உருவம். சுற்றிலும் மெத்தை தைத்த திண்ணை. அந்தத் திண்ணைக்கு அடியில்தான் மின்சாரம் வழங்கும் கருவிகள் ஒளிந்திருந்தன. நம் ஊர்த் திண்ணையைப் பார்த்துக் கட்டினாரோ என்றுகூடத் தோன்றும். 1985-ல் வந்த கிரே-2 இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மின்சாரம் கடத்தாத ஒரு விசேஷத் திரவத்தில் யந்திரத்தின் உறுப்புகளை அப்படியே முழுக்கிவிட்டார்கள். மீன் தொட்டிக்குள் மீன் இருப்பதுபோல் கம்ப்யூட்டர் இருந்தது.

நம் தேசத்திலும் இந்த ராஜோபசாரத்துக்குக் குறைவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-ல் ஐ.பி.எம். 1620 வந்தது. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஐ.பி.எம். 370 வந்தது. மனிதர்கள் கிறுகிறுவென்று சுற்றும் ஓட்டை மின்விசிறிக்கு அடியில் வியர்த்துக்கொண்டிருந்த காலத்தில், கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் குளிர்சாதனம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தூசிக்குப் பயந்து செய்த ஏற்பாடு அது; ஆனால் பார்ப்பவர்களுக்கு அது கர்ப்பக்கிருகமாகவே தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. அக்காலத்தில் யந்திரம் சூடானால் அது யாருடைய கவலை என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. யந்திரத்தை வைத்திருக்கிற ஸ்தாபனத்தின் கவலை. அதற்கென்று இன்ஜினீயர்கள், குழாய்கள், செலவுக் கணக்கு.

கம்ப்யூட்டர் மேஜைக்கு இறங்கி வந்ததும் இந்த மரியாதை கலைந்தது. ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு விசிறிச் சத்தம் வேம்பாய்க் கசக்கும். யந்திரம் மௌனமாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1980-ல் வந்த ஆப்பிள்-3 விசிறி இல்லாமலே செய்யப்பட்டது. உள்ளே சூடேறிச் சில்லுகள் தம் இருக்கையை விட்டு மெல்ல எழுந்துவிட்டன! அதற்குக் கம்பெனியார் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? யந்திரத்தைச் சில அங்குலம் தூக்கி, மேஜைமேல் தொப்பென்று போடச் சொன்னார்கள். விழுந்த அதிர்ச்சியில் சில்லு பழையபடி உட்கார்ந்துகொள்ளும். அடங்காத பிள்ளைக்குப் பெரியவர்கள் செய்த வைத்தியத்தைக் காட்டிலும் இது மோசம் என்று சொல்ல மாட்டேன்.

1982-ல் வந்த கிரிட் காம்பஸ் என்ற யந்திரத்தை லாப்டாப்களின் மூதாதை எனலாம். மூடித் திறக்கும் உருவத்தை அதற்குக் கொடுத்தவர் பில் மாக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர். மெக்னீசியத்தால் ஆன கூடு. அந்தக் கூடே உள் சூட்டை வாங்கி வெளியே விட்டுவிடும். அதை 1983-ல் விண்வெளி ஓடத்தில் எடுத்துச் சென்றார்கள். பூமியில் விசிறி தேவைப்படாத அந்த யந்திரத்துக்கு, விண்வெளிக்குப் போகும்போது விசிறி வைக்க வேண்டியிருந்தது. காரணம் ரஸமானது. சூடான காற்று மேலே போகும் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். எடையே இல்லாத இடத்தில் மேல் ஏது, கீழ் ஏது? சூடான காற்று போக வழி தெரியாமல் யந்திரத்தைச் சுற்றியே நின்றுவிடும்.

பிறகு வேகப் போட்டி. 1993-ல் வந்த பென்டியம் சில்லு பதினைந்து வாட் அளவுக்குச் சூட்டைக் கக்கியது. அந்தப் பத்தாண்டின் நடுவிலிருந்து லாப்டாப்புகளுக்குள்ளும் சின்ன விசிறி குடியேறிற்று. கூடவே தாமிரத்தாலான வெப்பக் குழாயும் வந்தது. இந்தக் குழாய் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இருபுறமும் மூடிய மெல்லிய குழாய். உள்ளே காற்றை எடுத்துவிட்டுச் சொட்டுத் தண்ணீரை விட்டிருப்பார்கள். சூடான முனையில் தண்ணீர் ஆவியாகும். ஆவி மறுமுனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து மறுபடி நீராகும். உட்சுவரில் உள்ள திரி அந்த நீரை உறிஞ்சித் திரும்பவும் சூட்டு முனைக்குக் கொண்டுவந்துவிடும். இட்லிப் பானை மூடியில் ஆவி முட்டிச் சொட்டுச் சொட்டாகத் திரும்பி விழுகிறதே, அதே சங்கதிதான். ஜெனரல் மோட்டார்ஸின் கௌக்ளர் என்பவர் 1944-லேயே இதற்குப் பேடண்ட் வாங்கிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. 1963-ல் லாஸ் அலமாஸில் ஜார்ஜ் குரோவர் தாமாகவே மறுபடி கண்டுபிடித்து அதற்குப் பெயரும் சூட்டினார். விண்வெளிக்கென்று நினைத்தது நம் மடிக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் குழாய் சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வெளியேற்றுவது விசிறியின் பொறுப்பு. மெல்லிய பெட்டி என்றால் குட்டி விசிறி. குட்டி விசிறி வேண்டிய காற்றைத் தரவேண்டுமானால் தலைதெறிக்கச் சுற்ற வேண்டும். விசிறியின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்று இரண்டு மடங்குதான் கிடைக்கும். அதற்குச் செலவாகும் சக்தியோ எட்டு மடங்கு. கிளம்பும் ஓசையின் சக்தி ஏறக்குறைய முப்பது மடங்கு. மாடியில் கேட்ட ரைஸ் மில்லின் ரகசியம் இதுதான். மெலிந்த இடையை விரும்பி வாங்குகிறவர்கள் அந்தக் கூச்சலையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

இதற்கிடையே ஒரு பெரிய நம்பிக்கை இடிந்தது. டிரான்சிஸ்டரைச் சிறியதாக்க ஆக்க, அது தின்னும் மின்சாரமும் அதே அளவில் குறையும். ஆகவே எத்தனை நெருக்கினாலும் சூடு கூடாது என்று ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்டும் அவர் சகாக்களும் 1974-ல் காட்டியிருந்தார்கள். முப்பது வருஷம் அது பலித்தது. 2005-ஐ ஒட்டி நின்றுபோயிற்று. மிகச் சிறிய டிரான்சிஸ்டர்களில் மின்சாரம் ஒழுகத் தொடங்கிவிட்டது. 2004-ல் இன்டெல் கம்பெனி நான்கு கிகாஹெர்ட்ஸ் பென்டியம் கொண்டுவருவதாகச் சொன்னதைக் கைவிட்டது. ஒரே குதிரையை விரட்டுவதை விட்டு, இரண்டு குதிரை, நான்கு குதிரை பூட்டலானார்கள்.

மனித உடம்பு இதற்கு என்ன விலை கொடுத்தது என்பதற்கும் பதிவு இருக்கிறது. 2002-ல் லான்ஸெட் வைத்தியப் பத்திரிகையில் ஒரு கடிதம் வெளியாயிற்று. சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஒருவர், ஐம்பது வயதுக்காரர், லாப்டாப்பை மடியில் வைத்து ஒரு மணி நேரம் எழுதினார். கால்சட்டை அணிந்திருந்தும் மறைவிடத்தில் கொப்புளம் கண்டது. 2010-ல் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தொடையில் வலைபோல் கருஞ்சிவப்புத் தழும்பு. அந்தத் தழும்பு வைத்தியர்களுக்குப் பழைய சிநேகம். கணப்படுப்பை விட்டு நகராத கிழவிகளின் காலில் பார்த்தது. காஷ்மீரத்தில் அங்கிக்குள்ளே காங்க்ரி என்ற நெருப்புச் சட்டியை அணைத்துக் குளிர் காய்கிறவர்களின் வயிற்றிலும் தொடையிலும் பார்த்தது. காஷ்மீரத்தானாவது குளிருக்கு அஞ்சித் தானே தேடி வைத்துக்கொண்டான்.

எனக்கு உறுத்தியது இந்த இடம்தான். முதலில் சூடு ஸ்தாபனத்தின் ஹாலில் இருந்தது. பிறகு குளிர்சாதன அறைக்கு வந்தது, பிறகு மேஜைக்கு, கடைசியில் சம்பளக்காரன் மடிக்கு. குளிர்விக்கும் செலவும் கூடவே இறங்கி வந்துவிட்டது. மாடி அறையின் மின்சாரக் கட்டணத்தை நான் அல்லவா கட்டினேன்!

அவன் மூன்று முறை ஆபீஸுக்கு எழுதினான். மூன்று முறையும், "அறையைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளவும்" என்று பதில் எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள். அதில் பாதி உண்மை உண்டு. அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாக எந்த விசிறியாலும் யந்திரத்தை ஆக்க முடியாது. கத்திரி வெயிலில் அறை பத்து டிகிரி கூடினால் சில்லும் ஏறத்தாழ அந்தப் பத்து டிகிரி கூடித்தான் ஓடும். சுமார் நூறு டிகிரி ஸெல்ஸியஸை நெருங்கியதும், எரிந்துபோகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நடை தளர்ந்ததன் காரணம் அது.

எங்களால் ஆனதைச் செய்தோம். மெத்தைமேல் வைக்கக்கூடாது என்றேன். அடியில் காற்று நுழையும் துவாரங்கள் அடைபடும். பின் விளிம்பைத் தூக்கி இரண்டு பழைய நாவல்களை முட்டுக் கொடுத்தோம் (என்னுடையவை, ஒரு வழியாகப் பயன்பட்டன). கொஞ்சம் இரைச்சல் தணிந்தது. எந்த வேலை சில்லை வாட்டுகிறது என்று அவன் திரையில் பட்டியலைத் திறந்து பார்த்தான். அவன் வேலை மூன்றாவது இடத்தில் இருந்தது. முதலாவது வைரஸ் தேடும் காவல்காரன். இரண்டாவது, அவன் ஒழுங்காக வேலை செய்கிறானா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் ஆபீஸுக்குக் குறிப்பு அனுப்பும் காவல்காரன்! அவனை மெதுவாக்கியதும் அது. அவன் மெதுவாக இருக்கிறான் என்று கோள் சொன்னதும் அது. இரண்டையும் நிறுத்த அவனுக்கு அதிகாரம் இல்லை. பெட்டியைத் திறக்கவும் கூடாது. அடியில் முத்திரை ஒட்டியிருந்தது.

ஜூன் மாதம் அவன் நேரே ஆபீஸுக்குப் போய், யந்திரத்தைச் செப்பனிடும் பையன் எதிரில் உட்கார்ந்துவிட்டான். அவன் நல்லவன். முத்திரையைக் கிழித்துத் திறந்தான். விசிறிக்கும் தகட்டு அடுக்குக்கும் நடுவே, கம்பளித் துண்டுபோல் ஒரு தூசிப் படலம். இவனுக்கு முன் நான்கு வருஷம் வேறு யாரோ வைத்திருந்த யந்திரமாம். ஒரு பூனை வளர்த்தவர் போலிருக்கிறது. விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காற்றடித்துத் தூசியை ஊதினான். சில்லின்மேல் காய்ந்து பொருக்காகிப் போன பசையைத் துடைத்துப் புதுப் பசை தடவினான். கால் மணி நேர வேலை.

மாடி இப்போது நிசப்தமாக இருக்கிறது. உத்தியோகமும் உறுதியாகிவிட்டது. அந்த எச்சரிக்கைக் கடிதத்தை மட்டும் தன் பைலிலிருந்து எடுத்துவிடும்படி அவன் எழுதிக் கேட்டிருக்கிறான். தூசிப் படலத்தின் போட்டோவையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன், அனுப்பியிருக்கிறான். இரண்டு மாதம் ஆகிறது. பதில் வரவில்லை.