அரியணைச் சிறுவனும் தறிக்குழிச் சிறுவரும்

காஞ்சிபுரத்தின் வரலாறு யாது என்று கேட்டால் கோபுரங்களைக் காட்டுகிறார்கள். இராசசிம்மப் பல்லவன் எடுத்த கைலாசநாதர் கோயிலைக் காட்டுகிறார்கள். 1509-இல் கிருட்டிணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயிலின் இராசகோபுரத்தைக் காட்டுகிறார்கள். சீனத்து யுவான் சுவாங் வந்து கண்ட ஊர், நாளந்தாவின் தலைமை ஆசானாக விளங்கிய தருமபாலர் பிறந்த ஊர் என்று பெருமிதத்தோடு பேசுகிறார்கள். காட்டட்டும், பேசட்டும், அவற்றில் பொய் இல்லை. ஆனால், ஊர் என்பது கோபுரம் மட்டுமா? கோபுரத்தின் நிழல் விழுந்த வீதியிலே வாழ்ந்தவர் யார்? அவர் வீட்டுப் பிள்ளை ஏடு தொட்டானா, நாடா தொட்டானா? ஓடி விளையாடினானா, ஒடுங்கி உட்கார்ந்தானா? இவையெல்லாம் வரலாறு ஆகாவோ?

வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் பல்லவ மன்னர் கதை வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு வேலைப்பாடு அது. இரண்டாம் பரமேசுவரவர்மன் மாண்டான், அரியணை வெறுமையாயிற்று. அமைச்சரும் கடிகையாரும் ஊர்ப் பெருமக்களும் பல்லவர் கிளைவழியில் வந்த இரணியவர்மனிடம் சென்று, ஆள ஒருவரைத் தருக என்றனர். மூத்த மைந்தர்கள் மறுத்தனர், இளையவன் இசைந்தான். அவனுக்கு அப்போது அகவை 12. இவ்வளவு சிறியவனை எப்படி அனுப்புவது என்று தந்தை தயங்கினான். பின்னர் விடை கொடுத்தான். வந்த சிறுவன் முடி புனைந்து இரண்டாம் நந்திவர்மன் ஆனான். தந்தையின் தயக்கம்கூட அங்கே எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது!

ஒரு சிறுவனின் பயணத்துக்கு ஒரு சுவரையே ஒதுக்கிய ஊர் இது. அதே அகவையில் தறியோரம் அமர்ந்து விரல் தேய்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஊர் ஒதுக்கிய கல் எத்தனை? ஒன்றுமில்லை. அரியணை ஏறிய சிறுவனுக்குச் சிற்பம். தறிக்குழியருகே வளர்ந்த சிறுவருக்கு மறதி!

நெசவாளரைப் பற்றிய சான்றே இல்லையோ எனின், உண்டு. பத்தாம் நூற்றாண்டில் உத்தமசோழன் அளித்த செப்பேடு, காஞ்சியில் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியரைக் குறிக்கிறது. அரசர்க்கு ஆடை நெய்தவர்கள் அவர்கள்; ஊரகத்துக் கோயிலின் வரவு செலவுப் பொறுப்பும் அவர்களிடம் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு, விசயநகரக் காலக் கல்வெட்டுகள் மற்றொரு செய்தி தருகின்றன. காஞ்சிக் கைக்கோளர் பெற்றிருந்த தண்டும் சங்கும் என்னும் உரிமை, வேறு ஊர்க் கைக்கோளருக்கும் வழங்கப்பட்டதாம். பல்லக்கில் ஏறுவதும் சங்கு ஊதுவதும்தான் அந்த உரிமை! ஊருக்கெல்லாம் உடை தந்தவன், தன் வீட்டு நன்னாளில் சங்கு ஊத ஆணை வாங்க வேண்டியிருந்தது. வாங்கியதைக் கல்லிலே வெட்டிப் பாதுகாக்க வேண்டியிருந்தது. என்னே நம் சமுதாயத்தின் சீர்மை!

ஆக, கல் பேசும்போது மன்னனைப் பேசிற்று, கொடையைப் பேசிற்று, வரியைப் பேசிற்று, விருதைப் பேசிற்று. பிள்ளையைப் பேசவில்லை. பல்லவர் காலக் காஞ்சியில் கடிகை என்னும் பெருங்கல்விக்கூடம் இருந்தது. கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் அங்கே பயில வந்ததைத் தாளகுந்தாக் கல்வெட்டு கூறுகிறது. மறை பயில்வோர்க்கான கூடம் அது. தறி ஒலிக்கும் வீட்டிலே பிறந்தவனுக்கு அக்கூடத்தின் வாயில் திறந்திருந்ததில்லை. கல்விக்குப் பேர்போன ஊரில் கல்வி சிலருக்கு. பட்டுக்குப் பேர்போன ஊரில் உழைப்புப் பலருக்கு.

அந்த உழைப்பில் பிள்ளையின் பங்கு என்ன என்பதைப் பட்டுப்புடவையே சொல்லும். காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. உடல் ஒரு வண்ணம், கரை வேறு வண்ணம். இரண்டும் சேருமிடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று கோத்துப் பிடிக்கும். புடவை நைந்தாலும் கரை பிரியாது என்பது அதன் புகழ். அதற்கு மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. நெய்பவருக்கு இரண்டே கை. ஆகவே, அவர் குழியில் கால்வைத்து மிதிபலகையை மிதித்து நெய்ய, அருகே மற்றொருவர் அமர்ந்து ஒருபக்கக் கரை நாடாவை வீச வேண்டும். ஒவ்வோர் இழைக்கும் வீச வேண்டும். கை பிசகினால் கோர்வை பிசகும். அந்த மற்றொருவர் யார்? பல வீடுகளில் அது பிள்ளைதான்! பெரிய ஆளுக்குப் பெரிய கூலி தர வேண்டும். பிள்ளைக்குச் சிறு கூலி போதும். தன் வீட்டில் பிள்ளை இல்லாதவர் அடுத்த வீட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளையின் தந்தை திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ முன்பணம் வாங்கியிருப்பார். கடன் தீரும்வரை பிள்ளை தறிக்கு. தீருமா கடன்? வட்டி வளர்ந்தது, பிள்ளையும் வளர்ந்தான், வளர்ந்தவன் தானே குழியில் இறங்கினான், அவனருகில் இன்னொரு பிள்ளை வந்து உட்கார்ந்தது.

விடியற்காலையில் பிள்ளையார்பாளையத்து வீதிகளிலே பாவு விரித்துக் கஞ்சி தோய்க்கும் காட்சியை அழகு என்று வண்ணித்தவர் பலர். அழகுதான்! ஆனால், அந்த வேளையில் பாவின் முனையைப் பிடித்து நின்ற பிள்ளை, பள்ளி மணி ஒலித்தபோது எங்கே இருந்தது என்று கேட்டவர் சிலரே.

இது காஞ்சியின் கதை மட்டுமன்று. நெசவால் செழித்த இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தை எண்ணிப் பாருங்கள். 1844-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 8 முதல் 13 அகவைக்குட்பட்ட பிள்ளைகள் அரைநாள் ஆலையிலும் அரைநாள் பள்ளியிலும் இருக்கலாம் என்றது அது. காலையில் ஆலையில் அலுத்த பிள்ளை மாலையில் பள்ளிப் பலகையில் தலை சாய்த்து உறங்கிற்று. ஓல்டாம் ஊரில் பத்து அகவையில் பஞ்சாலை புகுந்த கிளைன்சு என்பவர், பின்னாளில் 1929 முதல் 1931 வரை அந்நாட்டின் உள்துறை அமைச்சராக வீற்றிருந்தார். 1937-இல் தம் நினைவுகளை நூலாக்கினார். அதே வட்டாரத்தில் பத்து அகவையில் அரைநாள் தொழிலாளியான ஆனி கென்னி, நூற்பு எந்திரத்தில் ஒரு விரலை இழந்தார். பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்றார். 1924-இல் அவரும் தம் கதையை எழுதினார். 1918-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அந்த அரைநாள் முறைக்கு முடிவு கட்டிற்று. மான்செசுட்டர் நகருக்கு அருகே சுடையல் என்னும் சிற்றூரில், ஆலைப் பிள்ளைகள் அடைபட்டிருந்த இல்லத்தை இன்றும் அருங்காட்சியமாக வைத்து, தம் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். லங்காஷயர் துணி நம் கைத்தறியின் வயிற்றில் அடித்தது உண்மை. ஆனால், அந்த ஆலைப் பிள்ளை நமக்குப் பகையன்று. தறியோரத்துப் பிள்ளைக்கு உடன்பிறப்பு.

இங்கிலாந்து 1918-இல் தூக்கி எறிந்த அரைநாளை, 1953-இல் சென்னை மாநிலத்தில் அரியணை ஏற்றினார் ஆச்சாரியார்! நாட்டுப்புறத் தொடக்கப்பள்ளிகளில் மூன்று மணி நேரம் படிப்பு. எஞ்சிய பொழுதில் தந்தையின் தொழில். திட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் வேறு. நாடு இட்ட பெயர் குலக்கல்வித் திட்டம். காஞ்சியைச் சூழ்ந்த நெசவுச் சிற்றூர்களில் அதன் பொருள் என்ன? நெய்பவன் மகன் நாடாவுக்குத் திரும்பு, வெளுப்பவன் மகன் துறைக்குத் திரும்பு என்பதன்றி வேறென்ன? பெரியார் எதிர்த்தார். அவ்வாண்டு சூலையில் திராவிட முன்னேற்றக் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இத்திட்டத்தை நோக்கியது. 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. பள்ளிப் பொழுது முழுமையும் பிள்ளைக்கு மீண்டது.

அந்தப் போரில் முன்நின்ற அறிஞர் அண்ணாவும் காஞ்சியின் பிள்ளைதான். 1909 செப்டம்பர் 15-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார்; காஞ்சிப் பச்சையப்பன் பள்ளியில் படித்தார்; நகராட்சி அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தராக இருந்தார்; சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றார்; 1942-இல் காஞ்சியிலிருந்தே 'திராவிட நாடு' ஏட்டை நடத்தினார்; 1967-இல் முதலமைச்சரானார். ஏடு ஏந்தக் கிடைத்த வாய்ப்பு ஒருவரை எங்கே கொண்டு சேர்த்தது, பாருங்கள்! அவருடன் ஒரே காலத்தில் காஞ்சியில் பிறந்து, நாடா வீசியே முதிர்ந்தவர் எத்தனை பேர்? அவருள் எத்தனை அறிஞர், எத்தனை மருத்துவர், எத்தனை பாவலர் மறைந்து போயினர்? எண்ணிச் சொல்ல ஏது கணக்கு?

கொடுமை அத்துடன் ஒழிந்துவிடவில்லை. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் என்று சட்டங்கள் வந்தன. ஆயினும், உலக மனித உரிமை அமைப்பு ஒன்று 2003-இல் வெளியிட்ட அறிக்கை, காஞ்சிப் பட்டுத்தறிகளில் முன்பணத்துக்குக் கட்டுண்ட பிள்ளைகளைக் கண்டு எழுதிற்று. பள்ளியும் பகலுணவும் சட்டமும் விழிப்பும் சேர்ந்து அந்நிலையைப் பெரிதும் மாற்றின. இன்று நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்கும் தொழிற்சாலைக்கும் செல்கிறார்கள். தறியின் ஒலி குறைந்ததே என்று வருந்துவோர் உளர். கலை வாழ வேண்டும், ஐயமில்லை. முழுக் கூலி தந்து, வளர்ந்த ஆளைக் கொண்டு வாழட்டும்! பிள்ளைப் பருவத்தைத் தின்றுதான் ஒரு கலை வாழும் என்றால், அதைக் கலை என்பதா, கொலை என்பதா?

2016-இல் திருத்தப்பட்ட சட்டம் 14 அகவைக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. ஆனால், இடர் மிகுந்தவை என்று பட்டியலிட்ட தொழில்கள் நீங்கலாக, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு சிறு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. குடும்பம் என்ற சொல் இனியது. ஆனால், அச்சொல்லின் மறைவில் நடந்தது என்ன என்பதை அறிந்தவர் காஞ்சியின் முதியவர்கள். அவர்கள் நினைவு மங்குமுன் அது ஏட்டில் ஏற வேண்டும். நினைவு மறைந்த இடத்தில்தான் பழைய திட்டங்கள் புதிய பெயரில் முளைக்கின்றன.

ஆகவே, காஞ்சியின் இளைஞனே, ஒரு சுவடியை எடுத்துக்கொள்! தெருக்கோடியில் இருக்கும் பாட்டனிடம் செல், பாட்டியிடமும் செல். எந்த அகவையில் தறியோரம் உட்கார்ந்தீர்கள்? எந்த வகுப்போடு படிப்பு நின்றது? முன்பணம் எவ்வளவு, அதை வாங்கியவர் யார், தீர எத்தனை ஆண்டாயிற்று? நாள் முழுதும் நெய்த புடவையை வீட்டில் எவரேனும் உடுத்தியதுண்டா? கேள், சொன்னபடியே எழுது, ஊர் நூலகத்தில் வை. பன்னிரண்டு அகவை அரசனின் கதையைக் கல்லிலே படித்து மகிழ்கிறோம். பன்னிரண்டு அகவைத் தொழிலாளியின் கதையைத் தாளிலேனும் படிக்க நமக்கு வாய்க்கட்டும்! அரசனைச் செதுக்கச் சிற்பி வேண்டியிருந்தது. இவர்களைப் பதிய, கேட்கும் காதும் எழுதும் கையும் போதும்.